போல்ட்டின் தலையில் ஓர் எழுத்து: போர்க்கால ஜீப்புகளும் உதிரிபாக வேட்டையும்

கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தின் சுழியையும் கோட்டையும் பார்த்தே இது இன்ன நூற்றாண்டு என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள். நம் சங்கத்தின் மலர்களில் கோயில், செப்பேடு, சுவடி என்று அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது அவ்வளவு உயர்ந்த பொருள் அல்ல. கிரீஸும் துருவும் ஏறிய பழைய இரும்பு. ஆனால் அந்த இரும்பிலும் எழுத்து உண்டு. அதைப் படித்துக் காலம் சொல்லும் ஆட்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் காயலான் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரயில்வே பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொல்கத்தாவுக்கு வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. என் நண்பர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், டூவர்ஸ் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எஞ்ஜினியராக இருந்தவர். தோட்டத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி அது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் ஆசைப்பட, உதிரிபாகம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படித் தேடித் திரிந்ததில் தெரிந்துகொண்டதையும், தேடும்போது எழுந்த ஒரு கேள்வியையும் இங்கே சொல்லப்போகிறேன். எழுபது எண்பது வருஷம் ஓடிய ஒரு வண்டியில் எது அசல் என்பதுதான் அந்தக் கேள்வி.

நாற்பத்தொன்பது நாள் கெடு

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய, எடை குறைந்த வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தது பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சின்ன நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளர் சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி ராணுவத்தின் ஹோலாபேர்ட் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பேண்டமுக்குப் பெரிய அளவில் உற்பத்தி செய்யும் வசதி கிடையாது. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸ்-ஓவர்லேண்ட், ஃபோர்டு நிறுவனங்களுக்கும் காட்டியது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்குச் சோறு தீர்ந்துபோன கதையாக, பேண்டம் மூவாயிரத்துக்கும் குறைவான ஜீப்புகளைச் செய்ததோடு டிரெய்லர் செய்யும் வேலைக்கு ஒதுக்கப்பட்டது.

வில்லிஸின் பலம் அதன் எஞ்ஜின். பார்னி ரூஸ் என்ற பொறியாளர் செம்மைப்படுத்திய 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி எஞ்ஜின் அது. சிக்கல் எடையில் வந்தது. ராணுவம் வைத்த வரம்பு 2,160 பவுண்டு. வில்லிஸ் வண்டியோ அதற்கு மேலே நின்றது. ரூஸின் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் போட்டு, போல்ட்டுகளில் தேவைக்கு மேல் நீண்டிருந்த பகுதியை வெட்டி, பெயிண்டின் கனத்தைக்கூடக் கணக்குப் பார்த்து எடையைக் குறைத்தார்கள். 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குக் கிடைத்தது. அதுவும் போதாமல் போகவே, 1941 நவம்பரில் வில்லிஸின் வடிவத்தையே ஃபோர்டும் தயாரிக்க ஏற்பாடாயிற்று. போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000 ஜீப்புகளும் ஃபோர்டு சுமார் 2,78,000 ஜீப்புகளும் செய்திருந்தன. வில்லிஸ் வண்டிக்கு எம்.பி. என்றும் ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர். ஃபோர்டின் குறியீட்டில் 'ஜி' என்றால் அரசு, 'பி' என்றால் 80 அங்குலச் சக்கர இடைவெளி, 'டபிள்யூ' என்றால் வில்லிஸ் வடிவம்.

எஃப் என்ற எழுத்து

இரண்டு நிறுவனமும் ஒரே வரைபடத்தில் செய்த வண்டிகள் என்பதால் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. போர்முனையில் அது பெரிய வசதி. ஆனால் ஃபோர்டு தான் செய்த பாகங்களில் தன் அடையாளமான 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. அடைப்புக்கட்டை, பெடல், கொக்கி, போல்ட்டின் தலை என்று எதையும் விடவில்லை. மற்றவர் செய்த பாகம் பழுதானால் பழி தன் மீது வரக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். அன்று கணக்கு வழக்குக்காகப் போட்ட எழுத்து, இன்று புதுப்பிப்பவர்களுக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. ஃபோர்டு ஜீப் வைத்திருப்பவர் ஒரே ஒரு 'எஃப்' போல்ட்டுக்காக ஊர் ஊராக அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்தில்லாமலும் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். முன் பம்பருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். சேஸிஸின் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பெட்டி மாதிரி சதுரமாக இருந்தால் ஃபோர்டு. வில்லிஸில் வரிசை எண் ஒரு சின்னத் தகட்டில் அடித்து, சேஸிஸின் இடது பக்க உட்புறத்தில் ரிவெட் செய்திருக்கும். ஃபோர்டில் இடது பக்கச் சட்டத்தின் மேல்புறத்திலேயே எண்ணைப் பொறித்திருப்பார்கள். தகடு கழன்று போகும், பொறித்தது போகாது. முன்பக்க கிரில்லும் ஒரு சாட்சி. ஆரம்ப வில்லிஸ்களில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த கிரில் இருந்தது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது துளை போடும் முறை ஃபோர்டு கொண்டுவந்தது. பிறகு இருவருமே அதைப் பின்பற்றினார்கள். போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்பில் துளை ஏழு. ஆகவே தெருவில் ஜீப்பைப் பார்த்தால் முதலில் மூக்கை எண்ணுங்கள் என்பது எங்கள் வட்டாரத்தில் பாலபாடம்.

லெடோவிலிருந்து மல்லிக் பஜாருக்கு

இந்த வண்டிகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கதையில் நம் கிழக்குப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் சீனாவுக்குச் சரக்கு அனுப்பும் தரைவழி அடைபட்டது. 1942 டிசம்பரில் அஸ்ஸாமின் லெடோவிலிருந்து புது சாலை போட அமெரிக்கர்கள் தொடங்கினார்கள். முதல் வாகன வரிசை சீனாவின் குன்மிங் நகரை அடைந்தது 1945 பிப்ரவரி 4 அன்று. கொல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கிய தளவாடங்கள் இந்த வழியாகத்தான் கிழக்கே போயின. காஞ்ச்ராபாடாவில் அமெரிக்க முகாம் இருந்தது. பானாகரில் விமானத்தளம் எழுந்தது. அந்த பானாகர் தளம் 2016 முதல் மார்ஷல் அர்ஜன் சிங் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெற்கே இம்பால், கோஹிமா பகுதியில் 1944 மார்ச் முதல் ஜூலை வரை கடும் சண்டை. பாலேல் ஊரிலிருந்து தாமுவுக்குப் போகும் மலைச்சாலை முழுக்க ஜீப்பும் லாரியும். அதே தாமு சாலை வழியாக இரண்டு வருஷம் முன்னால், 1942-இல், பர்மாவிலிருந்து நம்மவர் ஏராளமானோர் கால்நடையாக வந்தார்கள் என்பதை வாசகர்களில் சிலர் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர் பலர் தாமுவுக்கு எதிரே இந்திய எல்லையில் உள்ள மோரேயில் குடியேறினார்கள். ஒரே சாலை, மூன்று தரம் வரலாறு.

போர் முடிந்ததும் இவ்வளவு தளவாடத்தையும் திருப்பிக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. 1946-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அமெரிக்க உபரிப் பொருள்கள் இந்திய அரசிடம் வந்தன. அரசு அவற்றை 'டிஸ்போசல்' என்று ஏலத்தில் விட்டது. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற சொல் தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் ஒரேபோல் புழங்குவதற்கு அந்த ஏலங்கள்தான் காரணம். தேயிலைத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், காட்டிலாகா, ஜமீன் வீடு என்று ஜீப்புகள் பிரிந்து போயின. விமானத்தளத்தில் தரையாகப் போட்ட, வட்ட வட்டமாகத் துளையிட்ட எஃகுப் பலகைகள் அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் வீட்டு வேலியாக நிற்பதை இன்றும் காணலாம். மக்கள் எதையும் வீணாக்கவில்லை.

புதிய இந்தியாவுக்கும் ஜீப் தேவைப்பட்டது. காஷ்மீர்ப் போருக்காக 1948-இல் லண்டனிலிருந்த இந்திய உயர் ஆணையம் மூலம் பழுது பார்த்த பழைய ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. நாடாளுமன்றத்தில் பெரும் சர்ச்சையாகி, 1955-இல் அரசு அந்தக் கோப்பை மூடியது. இன்னொரு பக்கம், 1945-இல் லூதியானாவில் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்க ஆரம்பித்தது. பிறகு சி.ஜே.3பி என்ற உயரமான பானெட் கொண்ட ஜீப்பை இங்கேயே தயாரித்தது. அதன் வழித்தோன்றல்கள் 2000-களிலும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் இந்த வடிவம் என்றோ மறைந்துவிட்டது. நம் நாட்டில் அதன் பரம்பரை அறுபது வருஷம் தொடர்ந்தது. நம் ஊர் உதிரிபாக வேட்டையின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

தேடும் முறை

கொல்கத்தாவில் முதல் நிறுத்தம் மல்லிக் பஜார். பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், மோட்டார் உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். அடுத்தது ஜி.டி. ரோடில் சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி உள்ள பானாகர். டெல்லிக்காரர்களுக்கு காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும்; மும்பைக்காரர்களுக்குக் குர்லா; புனேக்காரர்களுக்கு ஜூனா பஜார்; சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், புதுப்பேட்டை. ஹரியானா, பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலியில் ராணுவ ஏல வண்டிகளின் பாகங்களை வைத்து முழு ஜீப்பையே கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் வரிசையாக இருந்தன.

கடைக்குப் போய் "போர்க்கால ஜீப் சாமான் இருக்கா?" என்று கேட்டால் காரியம் கெட்டது. விலை மூன்று மடங்காகும், அல்லது மஹிந்திரா சாமானைத் துடைத்துக் கொடுத்து, "நாற்பத்திரண்டாம் வருஷத்து மால், பாபு!" என்று சத்தியம் செய்வார்கள். மல்லிக் பஜாரில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான மிஸ்திரி. எல்லோரும் அவரை 'சாச்சா' என்றே கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கியர்பாக்ஸ் உறையைத் தடவிப் பார்த்தே எந்த வகை என்று சொல்லிவிடுவார்.

"கண்ணை நம்பாதே பாபு, விரலை நம்பு. பெயிண்ட் பொய் சொல்லும், வார்ப்படம் பொய் சொல்லாது" என்பார் அவருடைய இந்துஸ்தானியில்.

அவரிடம் கற்றதையும், புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சில குறிப்புகள்:

முதலாவது மரை. அமெரிக்க வண்டியின் போல்ட், நட்டு எல்லாம் அங்குலக் கணக்கில், அமெரிக்க மரையில் இருக்கும். அதே காலத்து ஆங்கிலேய வண்டிகளில் மரை வேறு; பின்னால் நம் நாட்டில் வந்தது மெட்ரிக். துளையில் நட்டு சரியாக ஏறவில்லை என்றால் பட்டறைக்காரர்கள் 'டேப்' போட்டு மெட்ரிக்காக மாற்றிவிடுவார்கள். வண்டி ஓடும், ஆனால் அந்தத் துளையின் சாட்சியம் போயிற்று. ஆகவே மரை அளக்கும் கேஜ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது கியர்பாக்ஸ். போர்க்கால ஜீப்பில் இருந்தது டி-84 என்ற வகை. அது கொஞ்சம் பலவீனமானது. போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்பில் டி-90 என்ற வலுவான வகையைப் போட்டார்கள். நம் மிஸ்திரிகள் பழையது உடைந்ததும் இதை மாட்டிவிட்டார்கள். அதனால் டி-84 கிடைப்பது குதிரைக்கொம்பு. எஞ்ஜின் சங்கதி வேறு. சி.ஜே.3பி-யின் எஞ்ஜின் பழைய எஞ்ஜினிலிருந்து வளர்ந்ததுதான்; சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நடையும் மாறவில்லை. மேல் பாகத்தில் வால்வு அமைப்பை மாற்றியதால் உயரம் கூடிற்று. பானெட் உயர்ந்ததும் அதனால்தான்.

மூன்றாவது சக்கரம். 6.00-16 அளவு டயர் நம் ஊரில் ஜீப்புக்கும் டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் பொதுவாக இருந்ததால் டயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் போர்க்கால ரிம் இரண்டு துண்டாக, போல்ட் போட்டு இணைத்தது, அது அரிது. அப்படி ஒன்று கிடைத்தால் காற்றை முழுக்க இறக்காமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள். ஆளைக் கொன்றுவிடும்.

நான்காவது பெயிண்ட். நண்பரின் ஜீப்பின் பானெட்டைத் தண்ணீர் விட்டு, மெல்லிய உப்புத்தாளால் ஒரு வாரம் தேய்த்தோம். மேலே தோட்டத்தின் சிவப்பு, அதன் கீழே வெள்ளி, அதற்கும் கீழே மங்கிய ராணுவப் பச்சை. அந்தப் பச்சையில் இரண்டு, சைபர் என்று தொடங்கும் எண்ணின் நிழல் தெரிந்தது. அமெரிக்க ராணுவம் ஜீப்புகளுக்குக் கொடுத்த பதிவெண்கள் 20 என்றுதான் தொடங்கும். பிரிட்டிஷ் படைக்குப் போன ஜீப்பாக இருந்தால் 'எம்' என்ற எழுத்து முன்னால் வந்திருக்கும். ஆக இது அமெரிக்கர் கையிலிருந்து வந்த வண்டி. நண்பர் அன்றைக்குச் சாப்பிடக்கூட உள்ளே போகவில்லை. "சார், இத்தனை வருஷம் இது மேலயா நான் துணி காயப்போட்டேன்!" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அசலும் நகலும்

தேடுபவர் பெருகினால் போலியும் பெருகும். இன்று 'எஃப்' பொறித்த புது போல்ட்டுகளே விலைக்குக் கிடைக்கின்றன. பிலிப்பைன்ஸில் ஜீப்பின் பாடி முழுவதையும் புதிதாக அழுத்தி அனுப்புகிறார்கள். டாஷ்போர்டில் ஒட்டும் தகவல் தகடுகள், பழைய எழுத்துருவோடு, வேண்டிய எண்ணை அடித்துத் தருகிறார்கள். புதியது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. அதைத் துருப்பிடிக்க வைத்து, பழையது என்று விற்கும்போதுதான் வரலாறு கெடுகிறது.

இதில் நம் நாட்டுக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. மஹிந்திரா ஜீப் இங்கே இவ்வளவு காலம் ஓடியதால் அதற்கான உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் பிழைத்தன. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வில்லிஸ் வைத்திருப்பவர்கள் இந்தியாவில் செய்த பாகங்களை வரவழைத்துப் போடுகிறார்கள். தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வெளியூர் வியாபாரியிடமிருந்து நாங்கள் தபாலில் வரவழைத்த தண்ணீர் பம்ப் ஒன்று, படத்தில் பளபளப்பாக இருந்து, மாட்டிய பத்தாம் நாள் ஒழுகிற்று. சாச்சா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, புஷ்ஷை மட்டும் கடைந்து மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை ஒழுகவில்லை.

பானாகரில் ஒரு வண்டி

நண்பரின் ஜீப்பில் சேஸிஸ் ஃபோர்டு. எண் தெளிவாக இருந்தது. எஞ்ஜின்தான் குறை. 1960-களில் தோட்டத்துப் பட்டறையில் பழைய எஞ்ஜினைக் கழற்றிவிட்டு சி.ஜே.3பி-யின் எஞ்ஜினை வைத்து, உயரம் போதாமல் பானெட்டின் உட்புறத்தை வெட்டி, ஒரு தகட்டைக் குமிழ் மாதிரி தட்டிப் பற்றவைத்திருந்தார்கள். டிங்கரிங் வேலை அற்புதம். ஆனாலும் நண்பருக்கு அசல் எஞ்ஜின் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

2012-இல் பானாகர் யார்டு ஒன்றில் அந்த எஞ்ஜின் கண்ணில் பட்டது. சுரங்கப் பகுதியிலிருந்து வந்த வில்லிஸ் ஒன்று, செடிகொடிக்குள் முழுதாக நின்றது. முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாய். உட்புறம் எண் தகடு ரிவெட் கழலாமல் இருந்தது. எஞ்ஜின் பிறந்த இடத்திலேயே இருந்தது. யார்டுக்காரர் எஞ்ஜினைத் தனியாகக் கொடுக்கத் தயார். "மிச்சத்தை நாளைக்கே கட்டிங்குக்கு விட்டுடுவேன், எடைக்குப் போகும்" என்றார் சாதாரணமாக.

பேசிய விலை நியாயமானது. சாச்சா கழற்றுவதற்கு ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டார். நண்பர்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன சார் யோசனை?" என்றேன்.

"இதை எடுத்தா என் வண்டி முழுசாகும். ஆனா இது செத்துப் போயிடும். நம்மளுது ஏற்கெனவே ஓடிட்டுதானே இருக்கு?"

உதிரிபாக வேட்டையில் இறங்கிய எல்லோருக்கும் இந்த நிலைமை ஒருநாள் வரும். ஒன்றைப் பூரணமாக்க இன்னொன்றைப் பிரித்தாக வேண்டும். ஏற்கெனவே பாதி கரைந்த வண்டியிலிருந்து எடுப்பதில் தவறில்லை. அப்படி எடுக்காவிட்டால் இரண்டுமே போய்விடும். ஆனால் இது முழு வண்டி. நாங்கள் முன்பணம் கொடுத்து மூன்று நாள் தவணை கேட்டோம். ஃபோனில் பலரைப் பிடித்து, கடைசியில் துர்காபூர்ப் பக்கம் ஓர் ஆர்வலர் லாரியோடு வந்து முழு வண்டியையும் எடுத்துப்போனார். அது இப்போது ஓடுகிறது. நண்பரின் ஜீப்பில் இன்றும் குமிழ் வைத்த பானெட்தான்.

சட்டம் சொல்லும் அசல்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம், வியாபாரத்துக்குக் கூடாது. டெல்லியில் 1964 முதலும் கொல்கத்தாவில் 1968 முதலும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவந்த பழைய கார் பேரணிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வரவேற்கத்தக்க செய்தி.

சிக்கல் ஒரு வரியில் இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, எஞ்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. இதன் நோக்கம் புரிகிறது. இல்லாவிட்டால் நேற்றுக் கட்டிய வண்டியைக்கூட 1943 மாடல் என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் இந்தியாவில் போர்க்கால ஜீப்புகள் பிழைத்ததே மாற்றத்தால்தான். அசல் பாகம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி கிடையாது. பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் எஞ்ஜின் மாற்றினார்கள். 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் ஆக்கினார்கள். மாற்றாத வண்டிகள் எடைக்குப் போயின, மாற்றியவை ஓடின. ஓடியதற்காகவே அவற்றை ஒதுக்கினால் நம் நாட்டு வரலாற்றில் ஒரு பெரும் பகுதியை நாமே அடித்துத் திருத்துகிறோம் என்று நினைக்கிறேன். பழைய கோயிலில் சோழர் கட்டிய கருவறை முன்னால் நாயக்கர் கட்டிய மண்டபம் நிற்கிறது. மண்டபத்தை இடித்தால்தான் கோயில் அசல் ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

நண்பர் விசாரிக்கப் போன அலுவலகம் ஒன்றில் எஞ்ஜின் எண்ணைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிட்டார்கள். மறுபடி போனபோது நண்பர் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். எஞ்ஜின் மாற்றியதை அன்றைய மோட்டார் வாகன அலுவலகம் தேதியிட்டு, முத்திரை வைத்து அதில் பதிவு செய்திருந்தது. அந்த மஞ்சளித்த தாளைப் பார்த்த பிறகுதான் அதிகாரி உட்காரச் சொல்லிப் பேசினார். விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் மாற்றம் எப்போது, எங்கே, ஏன் நடந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால், அந்த மாற்றமும் வண்டியின் வரலாறே என்று வாதாட இடம் கிடைக்கிறது. சேஸிஸ் எண்ணை மூலமாகக் கொண்டு, பின்னால் வந்த மாற்றங்களை ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதிவைக்கும் முறையை விதியே ஏற்றுக்கொண்டால் போலிக்கும் இடமிராது. பிழைத்த வண்டிக்கும் தண்டனை இராது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மவர்களில் பலர் ராணுவத்திலும், இ.எம்.இ. பிரிவிலும், ஜபல்பூர், கிர்க்கி, இஷாப்பூர், ஆவடி தொழிற்சாலைகளிலும், தேயிலைத் தோட்டங்களிலும், ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள். ஜபல்பூரில் 1959 முதல் சக்திமான் லாரிகளையும் பிறகு ஜோங்கா வண்டிகளையும் கோத்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் பெட்டியில் ஏலச்சீட்டு, பணிமனைக் குறிப்பேடு, பாகங்களின் பட்டியல் புத்தகம், பழைய பதிவுப் புத்தகம், ஜீப் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஏதாவது கிடக்கும். "எதுக்கு இந்தக் குப்பை?" என்று பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

போட்டோவின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். அப்பாவோ தாத்தாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த எஞ்ஜினை எந்த வருஷம் ஏன் மாற்றினோம் என்பதை இவ்வளவு நாள் அவர்களிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். நகல் எடுத்துச் சங்க நூலகத்துக்கு ஒன்று கொடுத்தால் மெத்த நலம். இரும்பு எப்படியும் கொஞ்சநாள் தாங்கும். தாளும் ஞாபகமும் அவ்வளவு நாள் தாங்காது. மல்லிக் பஜார் சாச்சா 2019-இல் காலமானார். அவர் விரலுக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் என்னால் எழுதிவைக்க முடிந்தது.